சுட்ட குழலும் சுடாத கையும்: ஷொட்கன் பழக வருவோருக்கு

சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் ஷொட்கன் என்ற துப்பாக்கியைப் புதிதாகப் பழக வருகிறவர்கள் தோள் வலிக்குமா என்று கேட்பார்கள், காது அடைக்குமா என்று கேட்பார்கள். கை சுடுமா என்று கேட்டவரை நான் கண்டதில்லை. சுடும். காற்றில் வீசப்படும் தட்டுகளைச் சுடும் பயிற்சியில் ஒரு சுற்று முடியும் நேரத்தில், கொழும்பு வெயிலில், மரப்பிடிக்கு அப்பாலுள்ள குழலைத் தெரியாமல் பற்றிவிட்டால் விரல் கொப்பளிக்கும்.

கொப்பளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். எனக்கு அதைப்பற்றிப் பெரிய கவலை இல்லை. சூடு பட்ட கை மூளையைக் கேட்டு விலகுவதில்லை, தானாக உதறுகிறது. அந்தக் கையில் மூன்று, மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி இருக்கிறது. அதில் தோட்டாவும் இருந்தால், உதறிய நொடியில் குழல்வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. கையைச் சூட்டிலிருந்து காப்பாற்றச் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு பழக்கத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

குழல் எவ்வளவு சுடும்?

சற்றுக் கணக்குப் பார்ப்போம். சர்வதேசப் போட்டிகளில் 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) தோட்டா ஒன்றில் 24 கிராம் ஈயச் சன்னம், அதாவது சிறு குண்டுகள், இருக்கும். அதைத் தள்ளும் வெடிமருந்து ஒன்றேகால் கிராம் அளவுதான். சன்னம் நொடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. மருந்தின் சக்தியில் பாதிக்கும் குறைவானதே சன்னத்தோடு போகிறது. மீதி சூடான வாயுவாகவும் குழலின் உருக்கில் ஏறிய வெப்பமாகவும் மாறிவிடுகிறது. இரட்டைக் குழலின் எடையை வைத்துப் பார்த்தால், ஒரு வெடிக்கு ஒன்று அல்லது இரண்டு பாகை செல்சியஸ் ஏறும் எனக் கொள்ளலாம்.

ஒன்றிரண்டு பாகை என்ன செய்யும் என்று தோன்றும். தட்டு சுடுகிறவரின் முன்னாலிருந்து எழுந்து விலகிப் பறக்கும் ட்ரப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெடி வரை அனுமதி. ஆக ஒரு சுற்றுக்கு 50 வெடி வரை போகலாம். இரு பக்கங்களிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும் ஸ்கீட்டில் தட்டுக்கு ஒரு வெடிதான். ஐரோப்பியக் குளிர்காலத்தில் சுடுகிறவரின் குழல் 5 பாகையிலிருந்து ஏறத் தொடங்குகிறது. நம்முடையது 30 பாகையில் தொடங்குகிறது. அதுவும் நிழலில் வைத்திருந்தால். கறுப்பேற்றிய உருக்குக் குழலை நேர் வெயிலில் கிடத்தி வைத்தால் ஒரு வெடியும் தீராமலே 60 பாகையைத் தொட்டுவிடலாம். ஏப்ரல் 5 முதல் சித்திரைப் புத்தாண்டு வரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுப்பதாக ஆண்டுதோறும் பத்திரிகைகள் அறிவிக்கின்றன அல்லவா, அந்த நாட்களில் நண்பகலில் பழக விரும்புகிறவர்களுக்கு என்னுடைய ஒரே ஆலோசனை: காலை எட்டு மணிக்கு வாருங்கள்.

இனித் தோலின் கணக்கு. 44 பாகையில் தோல் கருக மணிக்கணக்காகும். 60 பாகையில் ஐந்து நொடி போதும். 70 பாகையில் ஒரு நொடி. இடையிலுள்ள வித்தியாசம் வெறும் 26 பாகைதான். ஆனால் காலம் மணியிலிருந்து நொடிக்கு இறங்கிவிடுகிறது. "சற்று முன்புதானே தொட்டேன், ஒன்றும் செய்யவில்லையே" என்ற பேச்சு இதனால்தான் செல்லாது. சற்று முன்புக்கும் இப்போதைக்கும் இடையில் பத்து வெடி தீர்ந்திருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இறங்கும்போது சைலன்சரில் கெண்டைக்கால் பட்ட தழும்பு இந்த ஊரில் பலருக்கு உண்டு; குழலும் அதே இனம். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது, சிவக்காது, புகையாது.

புதியவருக்கு இன்னொரு கெடுதலும் உண்டு, இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ட்ரப்பில் ஆறு பேர் கொண்ட அணி முறைவைத்துச் சுடுகிறது. தன் முறை வருமட்டும் ஒவ்வொருவரின் குழலும் சற்று ஆறுகிறது. பயிற்சியாளரோடு தனியாக நிற்கும் புதியவருக்கு அந்த இடைவெளி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டு எழும், வெடி தீரும். அதோடு, இலங்கையில் சுடுகலன்கள் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பழகத் தொடங்கும் நாளிலேயே எவரிடமும் சொந்தத் துப்பாக்கி இருக்கப் போவதில்லை. கழகத்துத் துப்பாக்கி ஒன்றுதான் கைமாறிக் கைமாறி வரும். உங்கள் கைக்கு வரும்போதே அது முன்னவர் தீர்த்த இருபது முப்பது வெடியின் சூட்டோடு வருகிறது. அனுபவம் குறைந்த கைக்கு அதிகம் சுட்ட குழல்: சுடுதளத்தின் வழமை இப்படித்தான் அமைந்திருக்கிறது.

முதற்படி: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

மோதிரம், வளையல், உலோகப் பட்டியுள்ள கைக்கடிகாரம் மூன்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். உலோகம் சூட்டை வாங்கித் தோலில் இறக்கும். விரல் வீங்கிவிட்டால் மோதிரம் கழறாது.

முழுக்கைச் சட்டை, மெல்லிய பருத்தியில். இந்த வெக்கையில் முழுக்கையா என்று முகம் சுளிக்க வேண்டாம். கீலில் மடித்துத் திறந்த துப்பாக்கியை முன்கையில் தொங்கவிட்டு நடப்பது வழமை. அப்போது குழலின் அடிப்பகுதி நேராக முன்கைத் தோலில் படுகிறது. அரைக்கை ரி-சேர்ட்டோடு வருகிறவர்களுக்கு முதலில் சுடும் இடம் உள்ளங்கை அல்ல, அந்த முன்கைதான். கழுத்தை மூடும் கொலர் இருந்தால் நல்லது. பக்கத்தில் நிற்பவரின் துப்பாக்கி வெளியே எறியும் வெற்றுத் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் சூடாயிருக்கும். அது சட்டைக்குள் விழுந்தால் நீங்கள் ஆடும் ஆட்டத்தைத் தளத்தில் எவரும் ரசிக்கமாட்டார்கள், உங்கள் கையிலும் துப்பாக்கி இருக்கும் என்பதால். செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து.

கையுறைதான் பலருக்குக் குழப்பம் தரும் விஷயம். பழைய சோனகத் தெருவின் இரும்புக்கடைகளில் வெல்டிங் கையுறை வாங்கலாம். சூட்டை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தொடக் கூடாது. விரல் தடித்துவிடும், விசை எங்கே, காவல் கம்பி எங்கே என்று தெரியாது, விசைக் காவலுக்குள் தோல் சிக்கும். பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளைச் சுற்றினால் மோட்டார் சைக்கிள் கையுறை தேடிப் பிடிக்கலாம். விரல் முட்டிகளில் பிளாஸ்ரிக் கவசம் உள்ளவற்றை விட்டுவிட்டு, உள்ளங்கை முழுவதும் மெல்லிய ஆட்டுத்தோலாக இருப்பதைப் பாருங்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு மேசையிலுள்ள ஒரு நாணயத்தை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தத் தடிப்புச் சரி. நைலோன் கையுறை உருகிக் கையில் ஒட்டிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நைலோன் உருக 200 பாகைக்கு மேல் வேண்டும். தட்டுச் சுடும் குழல் அந்தப் பக்கமே போவதில்லை. மெல்லிய நைலோன் கையுறையின் குறை வேறு: சூட்டைத் தடுக்காது, வழுக்கும்.

வலக்கைக்காரர் என்றால் இடக்கைக்கு மட்டும் கையுறை போதும். விசையில் இருக்கும் கை வெறுங்கையாகவே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று, இது நம்முடைய ஊருக்கே உரியது. அரை மணி நேரத்தில் கையுறையின் உட்பக்கம் வியர்வையில் ஊறிவிடும். ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. முதற் சுற்றில் காப்பாற்றிய அதே கையுறை மூன்றாம் சுற்றில் கைவிடும். ஆகவே இரண்டு சோடி கொண்டுபோய் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரத் துணியால் குழலைப் பிடிக்கும் புத்திசாலித்தனமும் இதே காரணத்தால் தவறு.

இரண்டாம் படி: துப்பாக்கியின் உடம்பைப் படியுங்கள்

கையில் எடுக்கும் முன் எது மரம், எது இரும்பு என்று பார்த்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல்கள் அமைந்த துப்பாக்கியில், குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையின் மரம் கீழ்க்குழலைச் சுற்றிப் பக்கங்களிலும் ஏறி நிற்கும். கைக்கு நல்ல இடம் உண்டு. பக்கம் பக்கமாகக் குழல்கள் அமைந்த பழைய பாணித் துப்பாக்கியில் முன்கட்டை மெல்லிய ஆப்பு வடிவில், பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கைபிடிப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பொறியை இணைத்து வைப்பதுதான் அதன் வேலை. அதில் கை இயல்பாகக் குழலிலேயே படும். முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப், தானாகவே ஏற்றிக்கொள்ளும் செமி ஓட்டோ வகைகளில் முன்பிடி நீளமாக இருப்பதால் அபாயம் குறைவு. ஆனால் முன்பிடிக்கு அப்பால் விரலை நீட்டினால் அங்கேயும் இதே கதைதான்.

குழல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சுடுவதில்லை. தோட்டா இருக்கும் பின்பகுதியில் உருக்குத் தடித்தது, மெல்லவே சூடேறும். முன்கட்டை முடிந்து குழல் வெளிப்படும் இடத்தில் சுவர் மெல்லியது, சட்டென்று சுடும். புதியவரின் விரல் தவறிப்போய் விழுவதும் அந்த இடத்திலேதான்.

பக்கம் பக்கக் குழல் உள்ள துப்பாக்கியில் பழகப் போகிறீர்கள் என்றால் குழலுக்குத் தோலுறை ஒன்று இருப்பது நல்லது. வில் தகட்டின் மேல் தோல் சுற்றி, முன்கட்டைக்கு முன்னால் குழல்களைக் கவ்வி நிற்கும்படி செய்வது பழைய வழக்கம். நீளம் 10 முதல் 13 சென்ரிமீற்றர். வாங்கக் கிடைக்காவிட்டால் தோல்வேலை தெரிந்த எந்தச் சப்பாத்துக்காரரும் நாடா வைத்துக் கட்டும் விதமாக ஒன்று தைத்துத் தருவார். அவரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. நூலால் இரு குழலின் சுற்றளவையும் அளந்து அந்த நூலைக் கொடுங்கள். தைத்து வந்ததும் மூன்றைப் பாருங்கள்: வெடியின் உதைப்பில் முன்னால் நழுவுகிறதா, மேலே ஓடும் குறிபார்க்கும் பட்டியை மறைக்கிறதா, துப்பாக்கி முழுவதுமாகத் திறக்கிறதா. துப்பாக்கி கழகத்துடையது என்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

மின்கம்பி ஒட்டும் நாடாவைச் சுற்றி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சூட்டில் அதன் பசை இளகிக் குழலில் பிசுபிசுக்கும்.  துவாயைச் சுற்றிக்கொண்டு சுடுவது இன்னும் மோசம். துணி குழலின்மேல் உருளும். பிடித்திருப்பது துணியைத்தான், துப்பாக்கியை அல்ல.

மூன்றாம் படி: பிடி

கையுறையைவிட இது முக்கியம். நல்ல பிடி தெரிந்தவருக்குக் கையுறை இல்லாமலும் காலம் போகும்.

முன்கட்டையின் நடுப்பகுதி உள்ளங்கையில் அமர வேண்டும். பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், எல்லாம் மரத்தின் மேல்விளிம்புக்குக் கீழே. சுட்டுவிரலைத் தட்டின் திசையில் நீட்டி வைக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அதுவும் மரத்தின் பக்கவாட்டில்தான் ஓட வேண்டும்.

சொல்லும்போது எளிது. தட்டு எழும்பியதும் என்ன நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஞாயிறு காலை முதற் பாடத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் பிடியைச் சரியாகத்தான் தொடங்கினார். முதல் நான்கு தட்டும் தப்பிப் போயின. ஐந்தாவதில் இடக்கை முன்னால் நகர்ந்தது. ஏழாவதில் நடுவிரலின் நுனி மரத்தின் விளிம்பைத் தாண்டி இரும்பை எட்டிப் பார்த்தது. தட்டைத் துரத்தும் ஆசையில் கை முன்னேறுவது அவருக்கே தெரியவில்லை. பயிற்சியாளர் துப்பாக்கியைத் திறக்கச் சொல்லி, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, பென்சிலால் அந்த விரலைத் தட்டினார்.

"தம்பி, விரல் மரத்தில் நிற்கட்டும். இரும்போடு உமக்கு வேலை இல்லை."

"கை எட்டவில்லை, அண்ணா."

"எட்டாவிட்டால் கையைப் பின்னுக்கு எடும். தட்டு கைக்கு எட்டத் தேவையில்லை, கண்ணுக்கு எட்டினால் போதும்."

சிறிய கை உள்ளவர்கள், பெண்கள், பதின்வயதினர் எல்லோருக்கும் இது பொருந்தும். முன்னால் நீட்டிப் பிடிப்பதைவிட ஓரங்குலம் பின்னால் பிடிப்பது துப்பாக்கியைத் திருப்பவும் இலகு. ஐந்து தட்டுக்கு ஒரு முறை இடக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது நகர்ந்திருக்கும்.

நான்காம் படி: திறத்தலும் மூடலும்

கை சுட்டுக்கொள்வது பெரும்பாலும் வெடிக்கும்போது அல்ல, வெடித்து முடிந்து துப்பாக்கியைத் திறக்கும்போதுதான். புதிய துப்பாக்கிகளின் கீல் இறுக்கமாக இருக்கும். துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்பைத் தள்ளிய பிறகும் குழல் இறங்காது. உடனே உள்ளங்கையைக் குழலின் மேல் வைத்து அழுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். தோளில் அமரும் பின்கட்டையை வலமுழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, இடக்கையால் முன்கட்டையின் நுனி மரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எந்த இறுக்கமும் இளகும்.

மூடும்போது குழலை மேலே தூக்கிப் பின்கட்டையோடு சேர்க்க வேண்டாம். குழல் தரையை நோக்கியபடியே இருக்கட்டும். பின்கட்டையைத் தூக்கி அதனோடு சேருங்கள். குழல்வாயும் அலையாது, இரும்பைத் தொடும் தேவையும் வராது.

துப்பாக்கியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது திறந்தபடி, வெறுமையாக இருப்பதைக் காட்டி, அவர் மரத்தைப் பிடிக்கும் விதமாகக் கொடுங்கள். "குழல் சூடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொழும்புத் தளங்களில் எல்லா மொழிக்காரரும் கலந்தே நிற்பார்கள். வாங்குகிறவர் சிங்களம் பேசுகிறவர் என்றால் "ரஸ்னெய்" என்றால் போதும். வாங்குகிறவர் நீங்கள் என்றால், எவரும் சொல்லாவிட்டாலும் சூடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தோட்டா உள்ளே இருக்கும்போது சுட்டுவிட்டால்

இதை முன்கூட்டியே பழகி வைக்க வேண்டும். அந்த நொடியில் யோசிக்க நேரம் கிடையாது.

ஒரு கை திடுக்கிட்டு விலகும்போது மறுகையும் சேர்ந்து இறுகுவது உடம்பின் இயல்பு. மறுகையின் விரல் விசையில் இருந்தால் அந்த இறுக்கம் வெடியாகிவிடும். தட்டு எழும்பும்வரை, துப்பாக்கி தோளில் அமரும்வரை, விரல் விசைக்கு வெளியே நேராக நீண்டிருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்வது இதற்காகவும்தான்.

கை சுட்டால் விரல் விசையை விட்டு வெளியே. வலக்கைப் பிடி தளராமல் அப்படியே. இடக்கை மேலேயோ பக்கத்திலேயோ உதறாமல் மரத்தின் வழியே பின்னால், தன்பக்கமாகச் சறுக்கட்டும். குழல்வாய் தளத்தின் திசையை விட்டு விலகக் கூடாது. பிறகு திறவுங்கள், தோட்டாவை எடுங்கள், தள அதிகாரியைக் கூப்பிடுங்கள். விரலை வாயில் வைத்து ஊதுவது அதன் பிறகு. வலி தாங்காவிட்டாலும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடக் கூடாது. வெறுந்துப்பாக்கியோடு, தோட்டா அறை வெறுமை என்று பயிற்சியாளர் உறுதிசெய்த பிறகு, இதைப் பத்துப் பதினைந்து முறை ஒத்திகை பாருங்கள். பயிற்சியாளர் "சூடு!" என்று திடீரெனக் கூவ, நீங்கள் கையைப் பின்னால் சறுக்க வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா இருந்தால் அது வேறு விவகாரம்: குழலைத் தளத்தை நோக்கியே வைத்துக் குறைந்தது 30 நொடி அசையாமல் நில்லுங்கள், அதிகாரி வரட்டும்.

ஆற வைத்தல்

சுற்று முடிந்ததும் துப்பாக்கி நிழலிலுள்ள தாங்கியில், திறந்தபடி. குழலுக்குள் காற்று ஓடினால் வேகமாக ஆறும். 70, 75 பாகையில் இருக்கும் குழல் நிழலில் கால் மணி நேரம் நின்றால் கையால் பிடிக்கும் நிலைக்கு இறங்கிவிடும். காற்று வீசினால் இன்னும் விரைவாக. கால் மணி நேரம் பொறுக்க மாட்டாமல் போத்தல் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் குழல் வெடித்துவிடாது. ஆனால் முன்கட்டைக்கு அடியிலும் பட்டியின் துளைகளிலும் போன நீர் வெளியே வராது. கொழும்பின் உப்புக் காற்றுக்கும் ஈரப்பதனுக்கும் இரும்பைத் தின்ன அவ்வளவு போதும்.

ஆறியதா என்று பார்க்க, துப்பாக்கி திறந்து வெறுமையாக இருக்கும்போது மட்டும், விரல்களின் பின்புறத்தைக் குழலுக்கு இரண்டு சென்ரிமீற்றர் தொலைவில் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்விரலால் ஒரு கணம் தொடலாம். உள்ளங்கையால் சோதித்தால் கை மூடிப் பற்றிக்கொள்ளும். பின்புறம் பட்டால் விலகத்தான் முடியும். நீரிழிவால் விரல் நுனிகள் மரத்தவர்கள் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

சன்னம் சிதறும் அளவைக் கட்டுப்படுத்தக் குழல்வாயில் திருகப்பட்டிருக்கும் சோக் குழாயைச் சூட்டோடு கழற்ற முயலாதீர்கள். ஆறிய பிறகு, அதற்குரிய சாவியால்.

அப்படியும் சுட்டுவிட்டால்

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு "சரியாகிவிட்டது" என்று கையை எடுக்காதீர்கள். தோலின் அடியில் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். நம்முடைய இடங்களில் ஒரு சிக்கல் உண்டு: கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, வெயிலில் கிடக்கும் குழாய். முதலில் வருவது வெந்நீர்தான். அதை ஓடவிட்டுவிட்டுக் கையைக் காட்டுங்கள். தளத்தில் குழாய் இல்லை என்றால் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். மெல்ல மெல்ல ஊற்றலாம். உடனடியாகச் செய்ய முடியாமற் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் நீரில் பிடிப்பது பயன் தரும்.

பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, ஐஸ்: ஒன்றும் வேண்டாம். இவற்றைச் சிபாரிசு செய்ய ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாமா இருப்பார். நன்றி சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். கொப்பளத்தை உடைக்காதீர்கள். உணவு மூடும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைத் தளர்வாக மேலே போட்டால் காற்றுப் படாது, ஒட்டவும் செய்யாது.

காயம் உள்ளங்கை முழுவதும் பரவினால், மூட்டின் மேல் இருந்தால், வெளிறி உணர்ச்சியற்றுப் போனால், அல்லது நீரிழிவு உள்ளவர் என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை.

பொதியும் முன்

ஆறாத குழலை உறைக்குள் திணித்து மூடினால் உள்ளே ஈரம் வியர்த்துத் துரு பிடிக்கும். கை வியர்வையின் உப்பும் அதற்குத் துணைபோகும். இளஞ்சூடு இருக்கும்போது, எண்ணெய்த் துணியால் குழலை வெளியே துடைத்தால் எண்ணெய் நன்றாகப் பரவும், கரியும் இலகுவில் கழன்று வரும். தோலுறை போட்டிருந்தால் அதைக் கழற்றித் தனியாக வையுங்கள். வியர்வை குடித்த தோல் குழலோடு ஒட்டிக் கிடந்தால் ஒரே வாரத்தில் அந்த இடம் சிவந்திருக்கும்.

கையுறை பற்றி மட்டும் ஒரு கண்டிப்பு. அதில் ஈயத் தூளும் மருந்துக் கரியும் ஏறியிருக்கும். பற்றீஸும் வடையும் இருக்கும் பையில் அதைப் போடாதீர்கள், அதைக் கழற்றிய கையோடு சாப்பிடவும் உட்காராதீர்கள்; முதலில் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கைகழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் கையுறையைப் பிள்ளைகள் எடுக்காத இடத்தில், நிழலில், காற்றோட்டமாக விரித்துக் காய வையுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும். விறைத்த கையுறையோடு அடுத்த வாரம் விரல் மடங்காது.